வாப்பாவுக்கு சுகர், கடலுக்கும் கஷ்டம்: வீட்டுல இனி என்ன ஆக்குறது?

கேள்வி:

"கீழக்கரைல இருந்து எழுதுறேன். என் வீட்டுக்காரருக்கு 54 வயசு, ரொம்ப வருஷம் சவுதில இருந்துட்டு இப்ப ஊரோட வந்துட்டாங்க. டெஸ்ட் எடுத்துப் பார்த்தா மூணு மாச சராசரி சுகர் (HbA1c) 8.6, பிரஷர் மாத்திரையும் ஓடுது, ரத்தத்துல டிரைகிளிசரைடுங்கிற கொழுப்பு 280. ஒரு கிளினிக்ல டயட் சார்ட் குடுத்தாங்க, காலைல ஓட்ஸ், மதியம் புரோக்கோலி, ஆலிவ் ஆயில், வாரம் ரெண்டு தடவை சால்மன் மீன்னு இருக்கு. சென்னைல சுற்றுச்சூழல் படிக்கிற எங்க மக, 'உம்மா, கடல்ல மீன் வத்திக்கிட்டு வருது, மீன் வாங்குறதையே நிறுத்துங்க, வாப்பாவுக்கு கோழி குடுங்க'ங்கிறா. மீன் இல்லாம எனக்கு ஆணம் (குழம்பு) வைக்கவே தெரியாது. ரெண்டு பேருமே நல்லதுக்குத்தான் சொல்றாங்க, நான் எதைக் கேக்குறது? கருப்பட்டி, கருவாடு எல்லாம் நம்ம ஊரு பொருள்தானே, அது சேர்க்கலாமா? நோன்புக்கும் ஒரு வழி சொல்லுங்க."

பதில்:

அக்கா, மீனை நிறுத்த வேண்டாம். முதல்ல இதைச் சொல்லிட்டா உங்களுக்கு பாதி பாரம் குறையும். எந்த மீன் வாங்குறீங்க, யாருகிட்ட வாங்குறீங்க, எப்படி ஆக்குறீங்க, பக்கத்துல சோறு எவ்வளவு வைக்கிறீங்க, மாத்த வேண்டியது இதுதான். உங்க மகளோட கவலை நூத்துக்கு நூறு நியாயமானது, அதுக்கு அவ சொல்ற வழியத்தான் கொஞ்சம் திருத்தணும்.

சார்ட்டுல சால்மன் எதுக்கு எழுதியிருப்பாங்கன்னா அதுல ஒமேகா 3 கொழுப்பு இருக்கு, டிரைகிளிசரைடு கூடி இருக்கிறவங்களுக்கு அது நல்லது. ஆனா அதே கொழுப்பு நம்ம சாளைலயும் (மத்தி) கும்பளாவுலயும் (அயிலை) நிறைய இருக்குக்கா. கடைல விக்கிற சாதாரண 1000 மில்லிகிராம் மீன் எண்ணெய் மாத்திரைய எடுத்துக்கிட்டா அதுல வேலை செய்யுற ஒமேகா 3 ஏறக்குறைய 300 மில்லிகிராம்தான், நல்ல நெய் ஏறின சீசன்ல 100 கிராம் சாளைல அதைப்போல மூணு நாலு மடங்கு கிடைச்சுரும். சால்மன் நம்ம கடல் மீன் இல்ல, நார்வே மாதிரி குளிர் தேசத்துல பண்ணைல வளர்த்து ஐஸ் போட்டு வருது, ஃப்ரெஷ்ஷா வேணும்னா விமானத்துலதான் வரணும், பண்ணைல அதுக்குப் போடுற தீனிலயும் சின்ன மீன அரைச்ச மாவு இருக்கு. அதுக்குக் குடுக்குற காசுல நீங்க மாசம் முழுக்க சாளை வாங்கலாம்.

ஓட்ஸைப் பத்தி ஒரு வார்த்தை, அது தூரத்துல இருந்து வருதுன்னு பயப்பட வேண்டாம், கப்பல்ல மூட்டையா வர்ற தானியத்துக்கு ஆகுற புகை ரொம்பக் கம்மி, ஒரு உணவு சூழலுக்கு எவ்வளவு கெடுதல்ங்கிறதைப் பெரும்பாலும் தீர்மானிக்கிறது அது எப்படி விளைஞ்சது, எப்படிப் பிடிச்சாங்கங்கிறதுதான், விமானத்துல வர்றது மட்டும் விதிவிலக்கு. அதனால அவருக்கு ஓட்ஸ் பிடிச்சா குடிக்கட்டும், பிடிக்கலைன்னா கட்டாயப்படுத்தாதீங்க. மசாலா தூள் கலந்து பாக்கெட்ல வர்றது மட்டும் வேண்டாம், அதுல உப்பு அதிகம்.

இப்ப மக சொன்ன விஷயத்துக்கு வர்றேன், இதுலதான் நான் கொஞ்சம் நீளமா பேசப் போறேன். உங்க வீட்டுக்கு எதிர்ல இருக்கிற கடல் சாதாரண கடல் இல்ல. மன்னார் வளைகுடால தூத்துக்குடில இருந்து மண்டபம் வரைக்கும் 21 தீவு, அதைச் சுத்தி பவளப்பாறை, கடல்புல், 1986லயே தேசிய பூங்கான்னு அறிவிச்சாங்க, அந்தத் தீவுகள்ல ஒரு கூட்டத்துக்கு கீழக்கரை பேருதான். மீன் குஞ்சு வளர்ற இடமே இந்தப் பவளமும் புல்லும்தான், 2010லயும் 2016லயும் கடல் சூடாகி இங்க பவளம் வெளுத்துப் போச்சு. அதுக்கு மேல விசைப்படகு இழுக்குற இழுவை மடி (வலை) தரையோட தரையா அரிச்சிக்கிட்டு போனா என்ன மிச்சமிருக்கும். மடிய அவுத்துக் கொட்டினா இறாலும் கணவாயும் ஒரு பங்கு, மத்ததெல்லாம் விரல் நீளத்துக்கு குஞ்சு மீன், சின்ன நண்டு, பேரு தெரியாத உயிர். அதைத்தான் சங்காயம்ங்கிறாங்க. யாரும் சாப்பிடுறதுக்கு இல்ல, காயப்போட்டு மூட்டை கட்டி மீன்மாவுக்கும் கோழித்தீவனத்துக்கும் போகுது.

இதை உங்க மககிட்ட சொல்லுங்க. மீனை விட்டுட்டு கறிக்கோழிக்கு மாறினா கடல் பிழைச்சிரும்னு நினைக்கிறா, ஆனா கறிக்கோழியும் பண்ணை இறாலும் திங்கிற தீவனத்துலயும் பல நேரம் இதே கடல் மீன் மாவா கலந்திருக்கு. சின்ன மீனை மாவாக்கி, அதைக் கோழிக்குப் போட்டு, அந்தக் கோழிய நாம சாப்பிடுறதுக்குப் பதிலா, வளர்ந்த சின்ன மீனை நாமளே நேரா சாப்பிட்டா சத்தும் வீணாகாது, கடலுக்கும் சேதம் கம்மி.

அப்ப என்ன வாங்குறது? சாளை, சூடை, நெத்திலி, காரல், கும்பளா, முரல். இதெல்லாம் சீக்கிரம் வளர்ந்து சீக்கிரம் சினை வைக்கிற மீன், சீலா, பெரிய பாறை, சுறா மாதிரி வருஷக்கணக்கா வளர்ற மீன் இல்ல. உடம்புக்கும் இதுல இன்னொரு லாபம் இருக்கு, பெரிய மீன் சின்ன மீனைத் தின்னு தின்னு பாதரசத்தை உடம்புல சேர்த்து வெச்சிருக்கும், சின்ன மீன்ல அது ரொம்பக் குறைவு. நெத்திலிய முள்ளோட மென்னு சாப்பிட்டா கால்சியம் கிடைக்குது, உங்க வயசுல உங்களுக்கே அது தேவை, அவருக்கு மட்டும் வெச்சுட்டு நீங்க வெறும் ஆணத்தை ஊத்திச் சாப்பிடாதீங்க, நம்ம பக்கத்து வீடுகள்ல நான் திரும்பத் திரும்பப் பாக்குறது இது. காரல் முள்ளு ஜாஸ்திதான், ஆனா பிள்ளை பெத்தவங்களுக்கு பூண்டும் மிளகும் தட்டிப்போட்டு காரல் ஆக்கிக் குடுத்த ஊருக்கு அதோட அருமைய நான் சொல்ல வேண்டியதில்ல.

சீலா வேண்டவே வேண்டாமான்னு கேப்பீங்க. மாசம் ஒருக்கா, ரெண்டு தடவை போதும், விருந்தாளி வந்தா ஆக்குங்க. கிளிமீன் மட்டும் வாங்காம இருந்தா நல்லது, பவளத்து மேல படர்ற பாசிய மேஞ்சு சுத்தமா வெச்சிருக்கிறது அதுதான், அது குறைஞ்சா பாசி பவளத்தை மூடிரும்.

நண்டு வாங்கும்போது ஒரு வேலை செய்யுங்க, திருப்பிப் போட்டு வயித்துப் பக்கம் பாருங்க. மடல் பிதுங்கி, அதுக்கடியில ஆரஞ்சு கலர்ல பஞ்சு மாதிரி ஒண்ணு ஒட்டிக்கிட்டு இருந்தா அது பூராவும் முட்டை, பொரிக்கிற நேரம் நெருங்க நெருங்க அது கறுத்துக்கிட்டு வரும், ஒரே நண்டுல லட்சக்கணக்குல இருக்கும். அதை வாங்காதீங்க, சினை நண்டு எனக்கு வேண்டாம்னு விக்கிறவங்க காதுல விழுற மாதிரி சொல்லுங்க. நாலு பேரு தொடர்ந்து சொன்னா உயிரோட வர்ற சினை நண்டை திரும்ப கடல்ல விடுற பழக்கம் வரும்.

யாருகிட்ட வாங்குறதுன்னா, முடிஞ்ச வரைக்கும் நாட்டுப்படகு, வத்தைல போயி வலை போட்டு வந்த மீன். ராத்திரி போயி காலைல கரை சேர்ற மீன், ஐஸ் பெட்டில நாள் கணக்கா கிடந்ததில்ல, கடல்ல நிக்க வெச்சு மீன் பிடிக்கிற வலைங்கிறதால வலைக்கண்ணு அளவுக்கேத்த மீன்தான் மாட்டும், தரையக் கிளறாது. எந்தப் படகு மீன்னு கேளுங்க, மீன் விக்கிற அக்காமாருக்குத் தெரியாம இருக்காது. ஏப்ரல் 15ல இருந்து ஜூன் 14 வரைக்கும் 61 நாள் விசைப்படகுக்குத் தடை, மீன் சினை வைக்கிற காலம். அப்பவும் நாட்டுப்படகு பக்கத்துக் கடலுக்குப் போகும், மீன் கம்மியா வரும், விலை ஏறும், அந்த ரெண்டு மாசம் வாரத்துல ரெண்டு நாள் மீன் போதும்னு வெச்சுக்கிட்டு மத்த நாள் பருப்பாணம், முட்டைன்னு ஓட்டுங்க. கேரளாவுல இருந்து ஐஸ்ல வர்றதைத் தேடிப் போக வேண்டாம்.

அளவு எவ்வளவு? 2019ல உலக அளவுல நிபுணர்கள் கூடி உடம்புக்கும் பூமிக்கும் சேர்த்து ஒரு உணவு அளவு போட்டாங்க, லான்செட் மருத்துவ இதழ்ல வந்தது, அதுல மீன் ஒரு ஆளுக்கு சராசரியா ஒரு நாளைக்கு 28 கிராம், கூடினா 100 கிராம். கடலோரத்துல இருக்கிற நமக்கு நான் எழுதிக் குடுக்குறது வாரம் நாலு நாள் மீன், ஆளுக்கு 75ல இருந்து 100 கிராம். மீதி மூணு நாள்ல ரெண்டு நாள் பயறு, ஒரு நாள் முட்டையோ கறியோ. தட்டப்பயறு, கொண்டைக்கடலை, பாசிப்பயறு, இதெல்லாம் காத்துல இருக்கிற நைட்ரஜனை வேர்ல பிடிச்சு வெச்சுக்கிற பயிர், யூரியா அதிகம் கேக்காது, சுகரையும் மெதுவாத்தான் ஏத்தும். ஆட்டுக்கறி, மாட்டுக்கறி பிரியாணி வாரம் மூணு தடவைன்னு இருந்தா ஒரு தடவையாக்குங்க, அசை போடுற பிராணிங்க விடுற ஏப்பத்துல மீத்தேன் வாயு வருது, பூமி சூடாகுறதுல அதுக்குப் பெரிய பங்கு இருக்கு, அவரோட கொழுப்புக்கும் அந்தக் கறி ஆகாது.

இப்ப அடுப்படிக்கு வருவோம். பொரிச்ச மீன் வாரம் ஒரு நாள், அதுவும் சட்டி நிறைய எண்ணெய் ஊத்தாம தோசைக்கல்லுல கொஞ்சமா விட்டு வாட்டி எடுங்க, பொரிச்ச எண்ணெய எடுத்து வெச்சு மறுநாள் தாளிக்கிற பழக்கம் இருந்தா இன்னைக்கே விடுங்க. ஆலிவ் ஆயில் தேவையே இல்ல, நல்லெண்ணெயும் கடலை எண்ணெயும் மாத்தி மாத்தி ஊத்துங்க, ஆனா ஆளுக்கு மாசம் அரை லிட்டருக்கு மேல போகக்கூடாது. ஆணத்துக்கு தேங்காப்பால் ரெண்டு மூணு எடுத்து ஊத்துறதை ஒரு கைப்பிடி தேங்காயா குறைச்சுக்கிட்டு, நம்ம ராமநாதபுரம் முண்டு மிளகாய், மல்லி, சின்ன வெங்காயம் கூட்டி அரைச்சா கெட்டியா வரும். மீனோட முருங்கைக்காய், கத்தரிக்காய், மாங்காய்னு எதையாவது போட்டு வைங்க. இந்த ஒரு காரியத்துல ஆளுக்கு நாலு துண்டு போட்ட இடத்துல ரெண்டு துண்டு போதும், தட்டுல காயும் கூடிரும், கடல்ல இருந்து எடுக்குறதும் குறையும். புரோக்கோலிக்குப் பதிலா வாசல்ல நிக்கிற முருங்கைக்கீரை, அவரை, பீர்க்கங்காய், பூசணி. தட்டுல பாதி காயும் கீரையும் இருக்கணும், கால் பங்கு சோறு, கால் பங்கு மீனோ பருப்போ.

அந்தக் கால் பங்கு சோத்துலதான் வீட்டுல சண்டை வரும். சுகர் ஏறுறதுக்கு மீன் காரணமில்ல, பக்கத்துல குமிச்சு வைக்கிற வெள்ளைச் சோறும் ராத்திரி அடுக்குற பரோட்டாவும்தான். ஒரு கப் சோறு, 150 கிராம் வெச்சுக்கோங்க, அதுல 40 கிராமுக்கு மேல மாவுச்சத்து இருக்கு, அவருக்கு மதியம் அது ஒண்ணுதான் அளவு. நம்ம மாவட்டத்துல மழைய நம்பி விதைக்கிற சித்திரைக்கார் சிவப்பரிசி கிடைச்சா வாங்குங்க, தீட்டாம சாப்பிட்டா நார்ச்சத்து இருக்கு, வயல்ல எப்பவும் தண்ணி கட்டி நிக்காததால மீத்தேனும் குறைவு. கமுதி, கடலாடி பக்கம் விளையுற குதிரைவாலியும் அப்படித்தான், தண்ணி பெருசா கேக்காது. ஆனா சிவப்பரிசி, சிறுதானியம்னா எவ்வளவு வேணாலும் சாப்பிடலாம்னு யாராவது சொன்னா நம்பாதீங்க, அளவு அதே ஒரு கப்தான்.

ஒரு எச்சரிக்கை. அவர் போடுற சுகர் மாத்திரைல சிலது, வயித்துக்கு சோறு கம்மியானாலும் சுகரை இறக்கிக்கிட்டே இருக்கும். திடீர்னு சோத்தைப் பாதியாக்கினா வேர்த்துக் கொட்டி, கை நடுங்கி லோ சுகர் வரலாம். டாக்டர்கிட்ட, சாப்பாட்டைக் குறைக்கப் போறோம்னு சொல்லிட்டு, ரெண்டு மூணு வாரத்துல படிப்படியா குறைங்க. மாத்திரைய நீங்களா நிறுத்தாதீங்க.

கருப்பட்டியும் கருவாடும் கேட்டிருந்தீங்க. ஊர்ல விளைஞ்சது, சூழலுக்கு நல்லதுங்கிற ஒரே காரணத்துக்காக அவர் உடம்புக்கும் நல்லதாயிராது, இதை மறைச்சு எழுத எனக்கு மனசு வரல. பனை மரம் மாதிரி ஒரு மரம் இந்த மண்ணுக்குக் கிடையாது, யாரும் தண்ணி ஊத்துறதில்ல, உரம் போடுறதில்ல, உப்புக்காத்துலயும் நிக்குது, சாயல்குடி பக்கம் எத்தனையோ குடும்பம் அதுல பிழைக்குது. அதனால வீட்டுல சுகர் இல்லாதவங்க சீனிக்குப் பதிலா கருப்பட்டி வாங்குங்க, நல்ல காரியம். ஆனா அவருக்கு கருப்பட்டியும் சர்க்கரைதான், தொதல் இனிப்பும் அப்படியே, பெருநாளைக்கு ஒரு துண்டோட நிறுத்திக்கட்டும். அவருக்கு பனையில இருந்து ஏதாவது குடுக்கணும்னா கோடைல நுங்கு ரெண்டு மூணு குடுங்க. பனங்கிழங்கு சாப்பிட்டா அந்த வேளை சோத்தைக் குறைக்கணும்.

கருவாடு விஷயம் உப்பு. ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு மொத்த உப்பே 5 கிராமுக்குள்ள இருக்கணும்னு உலக சுகாதார நிறுவனம் சொல்லுது, அது ஒரு டீஸ்பூன்தான், பிரஷர் மாத்திரை போடுறவருக்கு கருவாட்டு ஆணம் ஒரு வேளையிலயே அதுல பெரும்பங்கை முடிச்சிரும். வெந்நீர்ல ஊறவெச்சு அந்தத் தண்ணிய கொட்டினா கொஞ்சம் குறையும், முழுசா போகாது. மாசம் ஒருக்கா கத்தரிக்காயோட ரெண்டு துண்டு வாசத்துக்குப் போடுங்க. உமரிக்கீரை பறிச்சு ஆக்குற வீடா இருந்தா அதுலயே உப்பு இருக்கு, தனியா போட வேண்டாம், அவருக்குக் கொஞ்சமா வைங்க.

நோன்புக்கு வர்றேன். கஞ்சில எனக்கு ஆட்சேபணை இல்ல, அரிசியக் குறைச்சு பாசிப்பருப்பும் வெந்தயமும் கூட்டி, கறிக்குப் பதிலா காயோ கீரையோ போடுங்க. பேரீச்சம்பழம் ஒண்ணு, ரெண்டு. வடை, சமோசா, ரோல்னு எண்ணெய் பலகாரம் தினமும் சுடுறதுதான் அந்த மாசத்துல டிரைகிளிசரைடை ஏத்துது, மிஞ்சினதைக் குப்பைல கொட்டுறதும் அந்த மாசம்தான் ஜாஸ்தி, அளவா ஆக்குங்க, மிஞ்சுறதுக்கு முன்னாடியே பக்கத்து வீட்டுக்குக் குடுத்துருங்க. கடல்பாசி (அகர் அகர்) ஜெல்லி தாராளமா செய்யலாம், பாசில கலோரி இல்லவே இல்லைன்னு சொல்லலாம், நார்ச்சத்துதான், அதுல கொட்டுற சீனியும் கலர் பொடியும்தான் கெடுக்குது. அவருக்குத் தனியா ஒரு கிண்ணத்துல சீனி இல்லாம இளநீர் கொஞ்சம், நன்னாரி வாசம் சேர்த்து ஊத்தி வைங்க. நம்ம மாவட்டத்துக் கடல்ல முங்கி பாசி எடுக்குற பொம்பளைங்க, பாசி திரும்ப வளரணும்னு மாசத்துல சில நாள் மட்டும்தான் இறங்கணும்னு அவங்களுக்குள்ளயே கட்டுப்பாடு வெச்சிருக்காங்க, மககிட்ட இதையும் சொல்லுங்க, படிப்புக்கு உதவும்.

நோன்பு பிடிக்கலாமாங்கிறதை டாக்டர்கிட்ட ஒண்ணு ரெண்டு மாசத்துக்கு முன்னாடியே கேட்டு, மாத்திரை நேரத்தை மாத்தி வாங்கிக்கோங்க. நோன்போட இருக்கும்போதும் விரல்ல குத்தி சுகர் பாக்கலாம், 70க்குக் கீழ போனாலோ 300க்கு மேல ஏறினாலோ அந்த நேரமே நோன்பை முறிச்சிரணும், நோன்பு திறக்குற மஃரிபுக்கு அரை மணி நேரம்தானே இருக்குன்னு இழுக்கக் கூடாது.

ஒண்ணு நீங்க எழுதாம விட்டிருக்கீங்க, அவரோட யூரிக் ஆசிட், கிரியேட்டினின் ரிப்போர்ட். சாளைலயும் நெத்திலிலயும் உடம்புல யூரிக் ஆசிட்டா மாறுற பியூரின் அதிகம், யூரிக் ஆசிட் கூடி கால் பெருவிரல் வீங்கி வலிக்கிற ஆளா இருந்தா நான் மேல சொன்ன நாலு நாளை ரெண்டு நாளா குறைச்சு, மீனையும் மாத்த வேண்டியிருக்கும், கிட்னி எப்படி வேலை செய்யுதுன்னு காட்டுற கிரியேட்டினின் கூடியிருந்தா பருப்பு, கீரை அளவும் மாறும். அந்த ரெண்டு டெஸ்ட்டையும் எடுத்துட்டு எழுதுங்க, அதுவரைக்கும் சோறு, எண்ணெய், உப்பு மூணையும் குறைக்கிறதுல இருந்து ஆரம்பிங்க, மீன் வாரம் ரெண்டு நாள் மட்டும் போகட்டும்.